இரசிகனின் செவி

'இரசிகன்' என்னும் சொல் இந்நாளில் மிகவும் மலிந்துவிட்ட சொல். நடிகருக்கு இரசிகர் உண்டு. கிரிக்கெட் வீரருக்கு இரசிகர் உண்டு. சுவரொட்டியில் பெயர் போட்டுக்கொள்வதற்கென்றே இரசிகர் மன்றம் வைப்பாரும் உண்டு. ஆயின் அச்சொல்லின் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரசம் என்றால் சுவை. சுவையை அறிந்தவன் இரசிகன். இலையில் வைத்த சோற்றைத் தொடாமலே, 'ஆகா, என்ன சுவை!' என்று எழுந்து நின்று கூவுகின்றவனை நாம் சுவையறிந்தவன் என்போமா? பசியறிந்தவன் என்றுகூடச் சொல்ல மாட்டோம்.

இந்த வேறுபாட்டை எனக்குக் கற்பித்தது ஒரு வெளிநாட்டு இசைக்குழு. இங்கிலாந்து நாட்டின் லிவர்பூல் துறைமுக நகரிலிருந்து தோன்றிய 'பீட்டில்ஸ்' என்னும் ராக் இசைக்குழுவைத்தான் சொல்கிறேன். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் அதன் இரசிகன். வேட்டி கட்டிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியனுக்கும் கித்தார் இசைக்கும் என்ன உறவு என்று உங்களுள் சிலர் புன்னகை செய்யலாம். அப்புன்னகை எனக்குப் பழக்கமானதுதான். என் பள்ளி ஆசிரியர் அறையிலும், என் வீட்டுக் கூடத்திலும் நான் அதனை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அக்குழுவினர் நால்வர். ஜான் லெனன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் ஆகிய மூவரும் கித்தார் கலைஞர்கள். ரிங்கோ ஸ்டார் டிரம் வாசிப்பவர். 1962ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பார்லபோன் இசைத்தட்டு நிறுவனத்தின் வாயிலாக அவர்களுடைய முதல் தட்டு வெளிவந்தது. 1970ஆம் ஆண்டில் குழு பிரிந்துவிட்டது. எட்டே ஆண்டுகள்! ஒரு மாணவன் முதல் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்பை முடிக்கும் காலம். அதற்குள் அவர்கள் செய்து வைத்த பாடல்களை உலகம் இன்னும் கேட்டுத் தீரவில்லை.

குழு பிரிந்து பத்து ஆண்டுகள் சென்ற பின்னரே நான் அவர்களை அறிந்தேன். 1980ஆம் ஆண்டு டிசம்பரில் நான் பாளையங்கோட்டையில் இயற்பியல் மாணவன். விடுதியில் என் அறைத் தோழரிடம் ஒரு சிற்றலை வானொலிப் பெட்டி இருந்தது. இலண்டன் பி.பி.சி.யின் ஆங்கிலச் செய்தியைக் கேட்டால் ஆங்கிலம் வளரும் என்பது எங்கள் ஆசிரியர் ஒருவரின் அறிவுரை. அன்றைய செய்தியில், ஜான் லெனன் என்னும் பாடகர் நியூயார்க் நகரில் தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று அறிவித்தார்கள். அவருக்கு வயது நாற்பது. செய்திக்குப் பின்னர் அவர்களுடைய பாடல்களுள் ஒன்றை ஒலிபரப்பினார்கள். சிற்றலைக்கே உரிய ஏற்ற இறக்கத்தோடும் இரைச்சலோடும் அது வந்தது.

பாட்டின் சொற்களில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் நடுவில் குரல்கள் ஓய்ந்து, ஒரு கருவி தனியே வாசித்தது. பியானோவைப் போலவும் இருந்தது, வீணையை மீட்டினாற்போலவும் இருந்தது, இரண்டும் அன்று. சில நொடிகளில் அது முடிந்துவிட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. துயரத்தால் அன்று, அம்மனிதரை நான் அறியேன். அது என்ன கருவி என்னும் கேள்வியால்.

மாணவ நண்பர்களே, என் இரசிகத்தன்மை இவ்வாறு ஒரு கேள்வியில் பிறந்தது. பாடகரின் முகத்தை நான் பார்த்ததில்லை. அவருடைய சிகை அலங்காரம் தெரியாது. ஒரு கேள்விதான் தெரியும்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன். அங்கே உடன் பயின்ற ஒருவரிடம் பீட்டில்ஸ் பாடல்கள் பதிந்த ஒலிநாடா ஒன்று இருந்தது. அதில் அப்பாட்டும் இருந்தது. 1965ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'ரப்பர் சோல்' என்னும் இசைத்தட்டில் உள்ள 'இன் மை லைஃப்' என்பது அதன் பெயர். அந்நாடாவை இரவல் வாங்கி, நாடா தேயும் அளவுக்குக் கேட்டேன். வேலை கிடைத்ததும் முதல் ஆண்டுச் சேமிப்பில் நான் வாங்கிய பொருள் ஒரு டேப் ரிக்கார்டர். கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

பின்னர் ஒரு கோடை விடுமுறையில் சென்னை சென்றிருந்தபோது, நூலகம் ஒன்றில் ஒரு நூலைப் புரட்டுகையில் விடை கிடைத்தது. அது பியானோவேதான்! வாசித்தவர் நால்வருள் ஒருவர் அல்லர். அவர்களுடைய ஒலிப்பதிவுகளை மேற்பார்த்த ஜார்ஜ் மார்ட்டின். அவர் எண்ணிய இசைப்பகுதி, பாட்டின் விரைவில் வாசிக்க இயலாத அளவுக்கு நுட்பமானது. எனவே ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒரு ஸ்தாயி கீழே மெல்ல வாசித்துப் பதிவு செய்தார். பிறகு நாடாவை முழு வேகத்தில் ஓட்டினார். வேகம் இருமடங்கானால் அலைவெண்ணும் இருமடங்காகும். அதாவது, ஓசை ஒரு ஸ்தாயி மேலே ஏறும். அத்துடன் ஒவ்வொரு சுரமும் எழுந்து அடங்கும் நேரம் பாதியாகக் குறுகும். அதனால்தான் பியானோவின் நீண்ட கார்வை மறைந்து, நரம்பைச் சுண்டிவிட்டாற்போல ஒலித்தது.

நான் இயற்பியல் ஆசிரியன். அலைவெண்ணையும் காலத்தையும் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியவன். அந்தச் சூத்திரம் ஒரு பாட்டுக்குள் புகுந்து, பல ஆண்டுகளாக என்னை அலைக்கழித்திருந்தது என்பதை அறிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொற்களில் அடக்க இயலாது. அவ்வாண்டு முதல், ஒலியியல் பாடத்தை நான் பள்ளியின் பழைய கிராமபோன் பெட்டியிலிருந்து தொடங்கினேன். நிமிடத்திற்கு 33 சுற்று ஓடவேண்டிய நாகசுர இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டுவேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிப்பு அடங்கியபின், 'ஏன் இப்படி ஒலித்தது?' என்று கேட்பேன். அதன்பின் பாடம் தானாகவே நடக்கும்.

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு உளவியல் ஒரு பாடம். கவனம் என்பது பல நிலைகளையுடையது என்று அங்கே கற்றோம். திடீரென்று மணி அடித்தால் நம்மையறியாமல் திரும்புகிறோம். இது முயற்சியில்லாக் கவனம். தேர்வுக்கு முன் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிறோம். இது முயற்சியால் வரும் கவனம். ஒரு பொருளின் மேல் பற்று ஊன்றிய பின்னர், வருத்திக்கொள்ளாமலே மனம் அதிலேயே தங்குகிறது. இது பற்றினால் வரும் கவனம். முதல் நிலையில் கிளிஞ்சலைக் கண்டு ஓடும் குழந்தை, மூன்றாம் நிலையில் கடலாராய்ச்சியாளனாகிறான். இடையில் உள்ளது இரண்டாம் நிலை. அதனைத் தாண்டாமல் மூன்றாவதை அடைந்தவர் இலர்.

இரசிகனுக்கும் இம்மூன்று நிலைகள் உண்டு என்பது என் கருத்து. முதல் நிலையிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இக்குழுவின் வரலாறே சான்று.

1964ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் இவர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாகத் தோன்றினர். ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் பேர் அந்நிகழ்ச்சியைக் கண்டதாகக் கணக்கிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் 55,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். அன்று அங்கே இசை நடந்ததா என்றால், நடந்தது. கேட்டதா என்றால், இல்லை. இரசிகர்களின் கூச்சல் ஒலிபெருக்கிகளை விழுங்கிவிட்டது. தங்கள் வாசிப்பு தங்களுக்கே கேட்கவில்லை. முன்னால் நிற்பவர்களின் தலையசைவையும் உடலசைவையும் பார்த்தே, பாட்டு எந்த இடத்தில் செல்கிறது என்று ஊகித்து ரிங்கோ ஸ்டார் தாளம் போடவேண்டியிருந்தது. அன்பு மிகுந்து வந்த கூட்டம், தான் எதன்மேல் அன்பு கொண்டதோ அதனையே கேட்கவிடாமல் செய்துவிட்டது.

1966ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் பாடியதோடு, கட்டணக் கச்சேரிகளை அவர்கள் நிறுத்திக்கொண்டனர். அப்போது நால்வருள் எவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. பின்னர் இலண்டன் அபே சாலையில் உள்ள ஒலிப்பதிவுக்கூடத்திற்குள் புகுந்து, மேடையில் வாசிக்கவே இயலாத இசையைப் படைக்கத் தொடங்கினர். கூச்சலிடுவோர்க்கன்று, வீட்டில் அமர்ந்து செவி கொடுப்போர்க்கு.

1967ஆம் ஆண்டில் வெளிவந்த 'சார்ஜண்ட் பெப்பர்' என்னும் இசைத்தட்டின் இறுதியில் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அழுத்திய ஒரு சுரக்கோவை உண்டு. நாற்பது நொடிகளுக்கு மேல் அது மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே செல்லும். ஓசை குறையக் குறைய, பதிவாளர்கள் கருவியின் ஒலியேற்றத்தைக் கூட்டிக்கொண்டே சென்றனர். அதனால் கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டதும் உடன் பதிந்துவிட்டது. அந்தக் கிறீச்சொலியை நான் முதலில் கேட்டது, அத்தட்டை அறிந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து. நள்ளிரவு, மின்விசிறியையும் நிறுத்தியிருந்தேன். ஒரு நாற்காலியின் ஓசைக்கு இத்தனை மகிழ்ச்சியா என்று என் மனைவி கேட்டார். ஆம், அத்தனை மகிழ்ச்சிதான். அந்நாற்காலி தொடக்கம் முதல் அங்கேதான் இருந்தது. என் செவிதான் அப்போது அங்கே போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றையும் நீங்கள் அறியவேண்டும். இந்நால்வரும் புகழ் பெறுமுன் இரசிகர்களாகவே இருந்தனர். அமெரிக்க ராக் இசையின்பால் அவர்களுக்கு அடங்காப் பசி. இரவில் இரைச்சலோடு வந்த லக்சம்பர்க் வானொலியில் செவியைப் பொருத்திக் கேட்டவர்கள் அவர்கள். 1957ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் லிவர்பூலில் உள்ள மாதா கோயில் ஒன்றின் விழாவில் லெனனை மக்கார்ட்னி முதன்முதலாகச் சந்தித்தார். லெனனுக்கு வயது 16, மக்கார்ட்னிக்கு 15. அன்று எட்டி காக்ரன் என்னும் அமெரிக்கப் பாடகரின் பாட்டொன்றை, ஒரு சொல்லும் பிசகாமல் மக்கார்ட்னி பாடிக் காட்டினார். அந்தப் பிசகாமைதான் லெனனைக் கவர்ந்தது. கித்தாரில் ஒரு சுரக்கோவையைப் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் நகரின் மறுகோடியில் இருக்கிறார் என்று கேள்வியுற்று, பேருந்து ஏறிச் சென்று கற்று வந்ததை மக்கார்ட்னி பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1960 முதல் 1962 வரை செர்மனியின் ஹாம்பர்க் நகர விடுதிகளில் இரவுதோறும் பல மணி நேரம் வாசித்துத் தேறினர். நால்வருள் எவரும் மேனாட்டு இசைக்குறியீட்டை எழுதப் படிக்கக் கற்றவரல்லர். அவர்களுக்கு எழுத்தும் ஏடும் செவியே.

ஹாரிசனின் கதை நமக்கு இன்னும் அணுக்கமானது. 1965ஆம் ஆண்டில் அவர் ஒரு பாட்டிற்குச் சித்தார் வாசித்தார். ஓசை பிடித்திருந்தது, வாசித்தார். அவ்வளவோடு நின்றிருக்கலாம். உலகமே அதற்குக் கைதட்டிற்று. அவரோ அடுத்த ஆண்டே பண்டிதர் இரவிசங்கரைச் சந்தித்து, இந்தியா வந்து, தரையில் அமர்ந்து, சித்தாரை எவ்வாறு பிடிப்பது என்பதிலிருந்து கற்கத் தொடங்கினார். கோடிக்கணக்கானோர் தமக்கு இரசிகராக இருந்த காலத்தில் அவர் ஒருவருக்கு மாணாக்கரானார்.

அக்கல்வியின் பயனாக அவர் 1967இல் இயற்றிய பாட்டு 'சார்ஜண்ட் பெப்பர்' தட்டில் உள்ளது. தில்ரூபா, தபலா, தம்பூரா எல்லாம் அதில் ஒலிக்கும். என் தந்தையார் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நாகசுரம் கேட்டு வளர்ந்தவர். என் டேப் ரிக்கார்டரிலிருந்து வரும் எதனையும் அவர் 'இரைச்சல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். ஒருநாள் இப்பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு அருகில் வந்து அமர்ந்தார். "இது அரிகாம்போதி போல இருக்கிறதே! யாரடா பாடுவது?" என்றார். சொன்னேன். முழுவதும் கேட்டார். "மறுபடி போடு" என்றார். எனக்கும் அவருக்கும் இடையே இசையைப் பற்றி நடந்த முதற்பேச்சு அதுதான். அதன்பின் மாலைதோறும் அவர் எனக்கு இராகங்களைச் சொல்லித் தந்தார். பெற்ற தந்தையின் செவிச்செல்வத்தை நான் அடைவதற்கு இலிவர்பூல்காரர் ஒருவர் இடையில் வரவேண்டியிருந்தது.

ஒலிபெருக்கியின் முன் நின்று கூவுவோர் எல்லா நாட்டிலும் உளர். நம் நாட்டில் அவர்கள் கட்-அவுட்டின் மேலும் ஏறுவர். என் மாணவன் ஒருவன், தான் விரும்பிய நடிகரின் படம் வெளியாகும் முன்னிரவு முழுவதும் கட்-அவுட்டுக்குத் தோரணம் கட்டிவிட்டு, மறுநாள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் விடைத்தாளின் மேலேயே உறங்கிவிட்டான். அவனைத் திட்டுவதற்குப் பலர் இருந்தனர். நான் அவனை அழைத்து, அப்படத்தில் அவனுக்குப் பிடித்தது எது என்று கேட்டேன். "எல்லாம் சார்" என்றான். "எல்லாம் என்றால் ஒன்றுமில்லை, இன்னும் ஒரு முறை பார்த்து, நீ கவனித்தவற்றுள் பத்தை எழுதி வா" என்று ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தேன். நான்கு வரி எழுதி வந்தான். அவற்றுள் ஒன்று, மழைக் காட்சியில் நிழல் இரண்டு பக்கமும் விழுகிறதே, விளக்குகள் எத்தனை என்பது. அன்று நாங்கள் ஒளியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். பின்னர் மறுதேர்வு எழுதித் தேறினான். அத்தேர்ச்சி அவன் உழைப்பால் வந்தது. ஆனால் அந்த நான்காவது வரி, ஒரு கூச்சலிடுபவன் இரசிகனாக மாறிய இடம் என்று நான் நம்புகிறேன்.

இறுதியாக, கூறுவதற்குக் கடினமான ஒன்று. 1980ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் லெனனைச் சுட்டவன் யாரோ முன்பின் அறியாத பகைவன் அல்லன். அன்று மாலை அதே வாயிலில் அவன் காத்திருந்து, ஓர் இசைத்தட்டை நீட்டினான். லெனன் நின்று அதில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டுச் சென்றார். சில மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது அவன் அங்கேயே நின்றிருந்தான். அவன் மனத்தில் இருந்த நோயை நான் ஆராயப் போவதில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரசிகர் விரும்பும் பேறுகளெல்லாம் அவனுக்கு அன்று கிட்டின: அருகில் கண்டான், பேசினான், கையொப்பம் பெற்றான். இத்தனையும் பெற்றவனிடம் பாட்டு இல்லை.

நான் அந்நால்வருள் ஒருவரையும் கண்டதில்லை. அவர்களுடைய கையொப்பம் என்னிடம் இல்லை. அவர்கள் பாடிய மேடையின் முன் நின்றதில்லை; நிற்கும் வயதில் அம்மேடையே இல்லை. எனினும் எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. கலைஞனை உடைமையாக்கிக்கொள்ள விரும்பும் அன்பு ஒருநாள் அவனை அழிக்கவும் துணியலாம். அவன் படைப்புக்குச் செவி கொடுக்கும் அன்பு, கேட்பவனை வளர்க்கும்.

உங்களுக்கு நான் பெற்ற துன்பங்கள் இல்லை. உலகத்து இசை முழுவதும் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. இரவல் நாடாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டில், லெனன் தம் வீட்டில் பாடி வைத்த பழைய ஒலிநாடா ஒன்றிலிருந்து, பியானோ ஓசையையும் இரைச்சலையும் விலக்கி அவர் குரலை மட்டும் கணினியால் பிரித்தெடுத்து ஒரு புதிய பாடலையே வெளியிட்டார்கள். நன்று. கணினி குரலைப் பிரித்துத் தரும். உங்களுக்காகக் கேட்டுத் தராது.

ஆகவே ஒரு பாட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். பீட்டில்ஸ் பாட்டாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தேவாரமாகலாம், திரைப்பாட்டாகலாம், உங்கள் ஊர்க் கும்மியாகலாம். முதல் நாள் பாடுபவரின் குரலை மட்டும் கேளுங்கள். மறுநாள் குரலை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் நாள், ஓசை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு மாதம் கழித்து, முதல் நாள் கேட்காத எதனை இன்று கேட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். ஒரு வரியேனும் எழுத முடிந்தால், உங்களை இரசிகர் என்று நீங்கள் தயங்காமல் சொல்லிக்கொள்ளலாம்.